மூன்று மாதம் பொறுக்கச் சொன்னார் சேச்சி

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கோலம் போடலாம் என்று கதவைத் திறந்தால், எங்கள் வாசலில் இருந்து மூன்றாவது வீடு வரைக்கும் என்னுடைய நாப்கின்கள் கிடந்தன. பேப்பரில் சுற்றி, கறுப்பு கவரில் போட்டு, முடிச்சும் போட்டுத்தான் முதல் நாள் இரவு வெளியே வைத்திருந்தேன். தெரு நாய்க்கு முடிச்செல்லாம் ஒரு பொருட்டா? விளக்குமாறை எடுத்துக்கொண்டு ஓடினேன். பால் வாங்கக் கிளம்பிய எதிர்வீட்டுக்காரர் தலையைத் திருப்பிக்கொண்டு போனார். அன்று குப்பை வண்டி தள்ளி வந்த அக்கா, "இத மட்டும் தனியா குடுங்கம்மா, நாங்க கையிலதான் பிரிக்கிறோம்" என்றார். அடுத்த மாதத்தில் இருந்து பொட்டலத்தின் மேல் சிவப்பு மையில் வட்டம் போட்டுத் தனியாகத்தான் கொடுத்தேன். ஆனாலும் அந்தக் 'கையிலதான்' என்ற சொல் போகவில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். எனக்கு ஒரு தடவைக்கு 16 நாப்கின் ஆகும். வருஷத்துக்கு 13 தடவை என்றால் 200க்கு மேல். அம்மா காலத்தில் பழைய பருத்திச் சேலைத் துணி. துவைத்து, இன்னொரு துணிக்கு அடியில் மறைத்து, வெயில் படாத மூலையில் காயப்போடுவார்கள். நானும் முதல் இரண்டு வருஷம் அதைத்தான் வைத்தேன். அது மக்கிப் போகும். நாப்கின் அப்படி இல்லை. மேலுறை பிளாஸ்டிக், அடியில் பிளாஸ்டிக், நடுவில் ரத்தத்தை உறிஞ்சி ஜெல்லி மாதிரி ஊதிப்போகும் ஒரு பொடி. நான் வயசுக்கு வந்த பிறகு வீசிய நாப்கின்களில் பாதிக்கு மேல் மதுரையைச் சுற்றி எங்கோ ஒரு குப்பை மேட்டில் இன்னும் அப்படியேதான் கிடக்க வேண்டும்.

மாடி வீட்டில் குடியிருந்த சேச்சி ஆலப்புழாக்காரர். இங்கே ஒரு மருத்துவமனையில் நர்ஸ். நாய் கதையைச் சிரித்துக்கொண்டே சொன்னபோது, "நீ இன்னும் பேடா வைக்கிற?" என்று கேட்டார். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் அவர் குடும்பத்தோடு ஒரு பள்ளிக்கூட முகாமில் இருந்திருக்கிறார். சுற்றிலும் தண்ணீர். நாப்கினைப் புதைக்கவும் முடியாது, எரிக்கவும் முடியாது, கட்டி வைத்த மூட்டைகள் அப்படியே மிதந்ததாம். அடுத்த வருஷமே ஆலப்புழா நகராட்சி, எச்.எல்.எல். லைஃப்கேர் நிறுவனத்தோடு சேர்ந்து 'திங்கள்' என்ற திட்டத்தில் 5,000 பெண்களுக்கு மாதவிடாய் கப்பை (யோனிக்குள் வைத்து ரத்தத்தைப் பிடித்து, கொட்டிக் கழுவித் திரும்ப வைக்கிற, ரப்பர் மாதிரி வளையும் சின்னக் கிண்ணம்) இலவசமாகக் கொடுத்தது. ஊருக்குப் போனபோது சேச்சிக்கும் ஒன்று கிடைத்திருக்கிறது. "மோளே, மூணு மாசம் பாரு. அதுக்கு முன்ன தூக்கிப் போடாதே. மூணு மாசம் கழிஞ்சும் சரிப்படலைன்னா என்னைத் திட்டு" என்றார்.

2021இல் ஆன்லைனில் 600 ரூபாய் கொடுத்து ஒன்று வாங்கினேன். அங்கேயே முதல் தப்பு. பிரசவம் ஆனவர்களுக்கு லார்ஜ் என்று பெட்டியில் போட்டிருந்தது. எனக்கு இரண்டும் சுகப்பிரசவம். யோசிக்காமல் லார்ஜ் எடுத்துவிட்டேன். பிரசவத்தை விட முக்கியமான ஒன்று, கர்ப்பப்பை வாய் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது. யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. 36 வயது, இரண்டு பிள்ளைகள், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் பாடம் எடுக்கிறவள். கரும்பலகையில் பெண்ணின் இனப்பெருக்க உறுப்புகளை வண்ணச் சாக்பீஸால் எத்தனை முறை வரைந்திருப்பேன்! என் உடம்பில் அது எங்கே இருக்கிறது என்று தொட்டுப் பார்த்ததே இல்லை.

பார்க்கும் முறை இதுதான். மாதவிடாய் நாளிலேயே பாருங்கள், மற்ற நாட்களில் அதன் இடம் மாறும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, குத்தவைத்து, நடுவிரலை மெதுவாக உள்ளே விட வேண்டும். சுற்றிலும் மெத்தென்று இருக்கும். ஓர் இடத்தில் மட்டும் மூக்கு நுனியைத் தொட்டது போலக் கொஞ்சம் கெட்டியாகத் தட்டுப்படும். அதுதான் கர்ப்பப்பை வாய். விரலின் முதல் கணு நுழைவதற்குள்ளேயே தட்டுப்பட்டால் தாழ்வாக இருக்கிறது, நீளம் குறைந்த கப் வேண்டும். இரண்டாவது கணு வரை போனால் நடுத்தரம். முழு விரலும் போய்த்தான் எட்டுகிறது என்றால் நீளமான கப். எனக்கு முதல் கணுவுக்குள்ளேயே தட்டுப்பட்டது. நான் வாங்கி வைத்திருந்ததோ கடையிலேயே நீளமான கப்.

அதோடு மல்லுக்கட்டிய முதல் மாதத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். வீடியோக்களில் இந்தப் பகுதியைச் சிரித்த முகத்தோடு அரை நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள்.

கப்பை மடித்துத்தான் உள்ளே வைக்க வேண்டும். 'சி' எழுத்து மாதிரி மடிப்பதைத்தான் எல்லாரும் முதலில் காட்டுகிறார்கள். மடித்த வாய் அகலமாக இருந்ததால் எனக்கு வலித்தது. இரண்டாம் நாள் சேச்சி சொன்ன மடிப்புக்கு மாறினேன்: வாயின் ஓர் ஓரத்தில் ஆட்காட்டி விரலை வைத்துக் கப்பின் அடிவரை உள்ளே அமுக்கிவிட்டு, மீதியைச் சேர்த்துப் பிடிப்பது. முனை கூராகிவிடும், வெற்றிலையைச் சுருட்டிப் பிடித்த மாதிரி. தண்ணீரில் நனைத்துக்கொண்டால் வழுக்கிக்கொண்டு போகும். எண்ணெய் வேண்டாம். இன்னொன்று, நேர் மேலே தள்ளக் கூடாது. யோனியின் பாதை பின்பக்கமாக, முதுகெலும்பின் அடியை நோக்கிச் சாய்ந்திருக்கிறது. படம் வரையும்போது தெரிந்தது, பாத்ரூமில் மறந்துபோனது. பத்து நிமிடம் நேராகத் தள்ளிவிட்டு, கப் தான் சரியில்லை என்று திட்டிக்கொண்டிருந்தேன். நம் ஊர்க் கழிப்பறையில் குத்தவைத்து உட்காருவது இதற்கு ஏற்ற நிலை. அந்த ஒரு விஷயத்தில் நமக்கு அதிர்ஷ்டம்.

உள்ளே போனதும் மடிப்பு விரிய வேண்டும். சிலருக்கு 'பட்'டென்று விரிவது தெரியும், எனக்குத் தெரியவில்லை. அப்புறம்தான் கற்றுக்கொண்டேன், ஒரு விரலால் கப்பின் அடிப்பாகத்தைச் சுற்றித் தடவிப் பார்க்க வேண்டும். உருண்டையாக இருந்தால் விரிந்துவிட்டது. ஓரிடத்தில் பள்ளம் இருந்தால் இன்னும் மடிந்தே இருக்கிறது, கட்டாயம் கசியும். அடியைப் பிடித்து லேசாகத் திருகினால் விரிந்துகொள்ளும். முதல் மாதம் பள்ளிக்கூடத்தில் நான்காவது பீரியடில் கசிந்தது இதனால்தான். நல்லவேளை, மெரூன் சேலை. முதல் மூன்று மாதமும் கப்போடு ஒரு மெல்லிய துணிப் பேடும் வைத்துக்கொள்ளுங்கள். வீரம் காட்டத் தேவையில்லை.

வைத்ததைவிட எடுத்ததுதான் பெரிய கதை.

மறுநாள் காலை ஐந்தரை மணி. குத்தவைத்து, கப்பின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் காம்பைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. இன்னும் இழுத்தேன். உள்ளே ஏதோ சேர்ந்து இழுபடுகிற மாதிரி ஒரு வேதனை. கை வழுக்கியது, காம்பு விரலுக்கு எட்டாமல் மேலே ஏறியது. ஆபரேஷன் செய்துதான் எடுப்பார்கள் என்று முடிவே பண்ணிவிட்டேன். வியர்த்துக் கொட்டியது. சேச்சிக்குப் போன் போட்டேன். நைட் டியூட்டியில் இருந்தார். பின்னால் ஏதோ மெஷின் 'பீப் பீப்' என்று கத்திக்கொண்டிருந்தது.

"காம்பை விடு. முதல்ல அதை விடு."

விட்டேன்.

"உள்ள போயி தொலைஞ்சு போக வழியே கிடையாது. மேல கதவு அடச்சிருக்கு. கேட்டியா? இப்ப ஆழமா மூச்செடுத்து, பிரசவத்துல முக்கின மாதிரி முக்கு. அவசரம் வேண்டாம்."

முக்கினேன். கப் தானாகக் கீழே இறங்கியது.

"இனி காம்பு வேண்டாம். கப்போட அடிய ரெண்டு விரலால பிடிச்சு அமுக்கு. காத்து உள்ள போகட்டும். அப்புறம் இப்படி அப்படி அசைச்சுக் கொண்டு வா."

அமுக்கியதும் ஒரு சின்னச் சத்தம், பாட்டில் மூடி திறந்த மாதிரி. அவ்வளவுதான், கையில் வந்துவிட்டது. கப் உள்ளே விரிந்ததும் அதன் வாய் சுவரோடு ஒட்டி, காற்றுப் புகாமல் பிடித்துக்கொள்கிறது. அந்தப் பிடியை விடுவிக்காமல் காம்பைப் பிடித்து இழுத்தால் கர்ப்பப்பை வாயையும் சேர்த்துத்தான் இழுக்கிறோம். காம்பு, கப் எங்கே இருக்கிறது என்று தேடுவதற்கான அடையாளம் மட்டுமே. இதை மட்டும் ஒரு நாள் முன்னால் தெரிந்துவைத்திருந்தால் அந்த அரை மணி நேரம் மிச்சமாகியிருக்கும்.

இந்த இடத்தில் என் நாத்தனார் விஷயம். இரண்டாவது பிரசவத்தில் அவருக்குக் கருத்தடைக்காகக் கர்ப்பப்பைக்குள் காப்பர் டி வைத்திருந்தார்கள். நான் கப்பைப் பற்றிச் சொன்னதும் அவரும் வாங்கப் புறப்பட்டார். சேச்சி தடுத்தார். காப்பர் டியின் நூல் கீழே தொங்கிக்கொண்டிருக்கும். கப்பின் பிடியை விடுவிக்காமல் இழுத்தாலோ, கப்போடு நூலும் சேர்ந்து பிடிபட்டாலோ, காப்பர் டி இடம் மாறிக் கீழே இறங்கிவிடக்கூடும். அது தெரியாமலே கர்ப்பம் ஆனால் என்ன செய்வது? வைத்த டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் எதுவும். கர்ப்பப்பை இறக்கம் உள்ளவர்களும், பிரசவம் ஆகி ஆறு வாரம்கூட ஆகாதவர்களும் அப்படியே. நாத்தனார் டாக்டரிடம் பேசிவிட்டு, துணிப் பேடே போதும் என்று இருந்துகொண்டார். அதுவும் நல்ல முடிவுதான்.

இரண்டாம் மாதம் லார்ஜின் காம்பு வெளியே குத்தியது. நடந்தால் உறுத்தும், உட்கார்ந்தால் இன்னும் உறுத்தும். காம்பை நகவெட்டியால் கொஞ்சம் கொஞ்சமாக நறுக்கினேன் (வெளியே எடுத்து வைத்துத்தான், இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது). அப்படியும் சரிவரவில்லை. மூன்றாம் மாதம் நீளம் குறைந்த, கொஞ்சம் மிருதுவான கப் ஒன்று வாங்கினேன். அதுதான் இன்று வரை. முதல் கப் பீரோவில் கிடக்கிறது. ஒருவர் போட்டதை இன்னொருவருக்குக் கொடுக்கவும் முடியாது.

அந்தச் சமயத்தில் சேச்சி ஒரு செய்தி அனுப்பினார். 2019இல் லான்செட் பொதுச் சுகாதார இதழில் வந்த ஆய்வு. உலகம் முழுக்க நடந்த 43 ஆய்வுகளை, 3,300 பேருக்கு மேல் கலந்துகொண்டவற்றை, சேர்த்துப் பார்த்திருந்தார்கள். கசிவு நாப்கினைவிட அதிகம் இல்லை, பழகச் சில மாதங்கள் ஆகும், பழகியவர்களில் 70 சதவீதம் பேர் தொடர்ந்து பயன்படுத்த விரும்பினார்கள் என்று இருந்தது. மீதி 30 சதவீதத்தை நினைத்துத்தான் எனக்கு ஆறுதலாக இருந்தது. எல்லாருக்கும் ஒத்துவராது என்பதை ஒருவராவது ஒத்துக்கொண்டார்களே.

சுத்தம் செய்வது பற்றி. மாதவிடாய் தொடங்கும்போது ஒரு முறை, முடிந்ததும் ஒரு முறை ஐந்து நிமிடம் கொதிக்க வைக்க வேண்டும். இடையில் வெறும் தண்ணீரே போதும், முதலில் பச்சைத் தண்ணீர். வெந்நீரை முதலிலேயே ஊற்றினால் கறை பிடித்துக்கொள்ளும். டெட்டால், வாசனைச் சோப்பு எதுவும் வேண்டாம், எரியும். கப்பின் விளிம்புக்குக் கீழே ஊசிமுனை அளவில் சில ஓட்டைகள் இருக்கும். அவை அடைத்துக்கொண்டால் கப் சரியாக ஒட்டாது. கப் நிறையத் தண்ணீர் பிடித்து, உள்ளங்கையால் வாயை மூடி அமுக்கினால் ஓட்டைகள் வழியாகப் பீச்சியடித்துச் சுத்தமாகிவிடும். முதல் தடவை வாஷ்பேசின் முன்னால் நின்று செய்து, கண்ணாடி முழுக்கத் தெறித்தது. பக்கெட்டுக்குள் கையை விட்டுச் செய்யுங்கள்.

எங்கள் ஏரியா போர் தண்ணீர் உப்பு. அதில் கொதிக்கவைத்தால் கப்பின் மேல் வெள்ளையாகப் பொடி படிந்துவிடும். பூஞ்சை என்று பயந்துவிட்டேன். குடிக்கிற கேன் தண்ணீருக்கு மாறியதும் நின்றது. அப்புறம் ஒரு நாள் அடுப்பில் வைத்துவிட்டு விடைத்தாள் திருத்த உட்கார்ந்து, தண்ணீர் வற்றி, ரப்பர் கருகிய வாடை. பாத்திரத்தின் அடியைத் தொட்டுக்கொண்டிருந்த கப் லேசாகப் பழுப்பேறியதோடு தப்பித்தது. இப்போது ஒரு பழைய டீ வடிகட்டிக்குள் போட்டுத் தண்ணீரில் தொங்கவிட்டுவிடுகிறேன், அடியில் படாது. போனில் அலாரமும் உண்டு.

அந்தப் பாத்திரத்தைத்தான் அத்தை ஒரு நாள் பார்த்துவிட்டார்.

"என்னத்தா இது, பால் புட்டி ரப்பரா? யாருக்கு?"

சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. கரண்டியால் கப்பை ஒரு புரட்டுப் புரட்டிப் பார்த்தார்.

"இது உள்ளயேவா இருக்கும்? எம்புட்டு நேரம்?"

"பன்னெண்டு மணி நேரம் வரைக்கும் இருக்கலாம் அத்தை."

"நாத்து நடப் போனா நாலு மணி வரைக்கும் வயக்காட்டுத் தண்ணியிலதான் நிப்போம். துணி நனைஞ்சு தொடை ரெண்டும் அறுத்துக் காந்தும்" என்றார். அப்புறம், "இந்தப் பாத்திரத்துல பால கீல காச்சிப்புடாத" என்று அதன் கைப்பிடியில் ஒரு சிவப்பு நூலைக் கட்டிவைத்துவிட்டுப் போனார். அந்த நூல் இன்னும் இருக்கிறது.

பணம் மிச்சம், குப்பை மிச்சம் என்று எல்லாரும் சொல்வார்கள். எனக்குக் கிடைத்த பெரிய லாபம் வேறு. என் கப் 25 மில்லி பிடிக்கும், பக்கத்தில் அளவுக் கோடுகள் உண்டு. ஒரு முழு மாதவிடாய்க்கு எவ்வளவு போகிறது என்று சும்மா விளையாட்டாகக் குறித்துவைத்தேன். 110 மில்லி வந்தது. பொதுவாக 30, 40 மில்லி; 80ஐத் தாண்டினால் அதிகம் என்று படித்திருக்கிறேன். படியேறினால் மூச்சு வாங்குவதை வயசு, பஸ், வேலை என்று சொல்லிக்கொண்டிருந்தவள் நான். டாக்டரிடம் போனேன். ஒரு நாளைக்கு எத்தனை பேட் என்று வழக்கம்போலக் கேட்டார். மில்லியில் சொன்னதும் நிமிர்ந்து பார்த்துவிட்டு ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். ஹீமோகுளோபின் 8.9. பெண்களுக்குக் குறைந்தது 12 இருக்க வேண்டும். ஸ்கேனில் கர்ப்பப்பையில் சின்னதாக ஒரு நார்க்கட்டி. இரும்புச் சத்து மாத்திரையும் ரத்தப்போக்கைக் குறைக்கிற மாத்திரையும் சாப்பிட்டு, எட்டு மாதத்தில் 11.8க்கு வந்தேன். நாப்கின் வைத்திருந்த காலத்தில் 'எனக்குக் கொஞ்சம் அதிகம்தான்' என்பதைத் தாண்டி எனக்கே எதுவும் தெரியாது.

பயம் பற்றியும் ஒரு வார்த்தை. டாக்ஸிக் ஷாக் என்ற நோய்த்தொற்று கப்பிலும் வரலாம். மிக மிக அரிது, ஆனால் வந்தால் ஆபத்து. கப் வைத்திருக்கும்போது திடீரென்று கடும் காய்ச்சல், வாந்தி, தலைசுற்றல், வெயிலில் கன்றிப்போன மாதிரி உடம்பெல்லாம் சிவப்பு என்று வந்தால் கப்பை உடனே எடுத்துவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள், கப் வைத்திருந்ததையும் சொல்லுங்கள். 12 மணி நேரத்தைத் தாண்ட விடாதீர்கள். எடுக்கும் முன்னாலும் கை கழுவ வேண்டும். பெரும்பாலானவர்கள் எடுத்த பிறகுதான் கழுவுகிறோம். நகத்தையும் வெட்டிக்கொள்ளுங்கள்.

கப் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போகலாமா என்று ஸ்டாஃப் ரூமில் ஒரு டீச்சர் கேட்டார். அது உங்களுக்கும் உங்கள் மாமியாருக்கும் இடையில் உள்ள விஷயம் டீச்சர், கப்புக்கு அதில் கருத்து இல்லை என்றேன்.

என் மகளுக்கு 14 வயது. அவளும் கப் வைத்தால் கன்னித்திரை என்னாகும் என்று அம்மா போனில் பதறினார். அது விளையாட்டிலேயே விரியலாம், சிலருக்குப் பிறவியிலேயே பேருக்குத்தான் இருக்கும், அதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று பாடம் எடுத்தேன். அம்மா நம்பின மாதிரி தெரியவில்லை. மகளிடம் கப்பைக் காட்டினேன். "ஐயோ, இப்ப வேணாம்மா" என்றாள். சரி என்றேன். அவள் நாப்கின்தான் வைக்கிறாள். பொட்டலத்தின் மேல் சிவப்பு வட்டம் மட்டும் தவறாமல் போடுகிறாள்.

இன்னும் தீராதது பள்ளிக்கூடக் கழிப்பறை. காலை ஆறரைக்குக் கிளம்பினால் வீடு திரும்ப ஆறு ஆகும். மற்ற நாட்களில் கப்பைத் தொடவே வேண்டாம். இரண்டாம் நாள் மட்டும் ஐந்து மணி நேரத்தில் நிறைந்துவிடும். கழிப்பறைக்குள் குழாய் இருக்கிறது, தண்ணீர் பாதி நாள் வராது. அதனால் அரை லிட்டர் பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோய், கை கழுவிக்கொண்டு உள்ளே போய், கப்பைக் கொட்டி, பாட்டில் தண்ணீரை ஊற்றி அலசி, திரும்ப வைத்துக்கொள்கிறேன். மூன்று நிமிடம். குழாய்க்கு நான்கு முறை மனு எழுதியாகிவிட்டது. நாளைக்கு இரண்டாம் நாள். பாட்டிலை நிரப்பிப் பைக்குள் வைத்துவிட்டேன்.